ஒரே சுவிட்சில் நாலு மெழுகுதிரி

2024 நவம்பர் கடைசியில் யாழ்ப்பாண நகரத்துக் கடையொன்றில் பற்றரியில் எரியும் திருவருகைக்கால வளையம் ஒன்று வாங்கினேன். நத்தாருக்கு (கிறிஸ்மஸுக்கு) முந்திய நாலு ஞாயிறும் ஒவ்வொரு திரியாக ஏற்றிக் காத்திருக்கும் இலை வளையம் அது. 4,500 ரூபா சொன்னார்கள், கதைத்துக் கதைத்து 4,200க்குக் கொண்டுவந்தேன். 24 நாளும் பாவித்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். போன கிழமை ரிபன் வாங்க நகரத்துக்குப் போனபோது அதே பெட்டிகளை மறுபடி அடுக்கி வைத்திருக்கக் கண்டேன். வாங்க நினைக்கிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயர் போடவில்லை. பெட்டிக்குள் வந்ததை விற்ற பொடியனைக் குறை சொல்லி என்ன பலன்? அதோடு இதே சாமான் நாலைந்து கடைகளில் கிடக்கிறது.

மெழுகுதிரி இருக்க ஏன் பற்றரிக்குப் போனாய் என்று கேட்பீர்கள். எங்கள் வீடு குருநகரில். இவர், என் கணவர், கடற்றொழில். முன் விறாந்தையில் எந்த நேரமும் வலை கிடக்கும், நைலோன் வலைக்கு ஒரு பொறி போதும். 2023இல் உண்மையான மெழுகுதிரிதான் ஏற்றினோம். மூன்றாம் கிழமை கதவால் அடித்த காற்றுக்கு ஒரு திரி சரிந்து, நான் இரண்டு மாதம் இருந்து பின்னிய மேசைச்சீலையில் உள்ளங்கை அளவு ஓட்டை விழுந்தது. மாமி கண்டு செம்புத் தண்ணீரை ஊற்றியபடியால் அதோடு போயிற்று. அன்றைக்கே இவர் சொல்லிவிட்டார், இனி இந்த வீட்டுக்குள் நெருப்பு வேண்டாம் என்று.

சரி, பெட்டிக்குள் என்ன இருக்கிறது? பிளாஸ்டிக் இலை வளையம் ஒன்று, ஒரு அடிக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம். தந்த நிறத்தில் நாலு பிளாஸ்டிக் திரி, நுனியில் சுடர் மாதிரி ஆடும் மஞ்சள் பல்ப். நடுவில் வைக்கத் தடித்த வெள்ளைத் திரி ஒன்று. சிவப்பு ரிபன். ஆங்கிலத்தில் அச்சடித்த அட்டை. பற்றரி கிடையாது, பென்டோர்ச் பற்றரி மூன்று நாங்கள்தான் வாங்கிப் போட வேண்டும்.

இலை பரவாயில்லை. கிட்டப் போய் முகர்ந்தால் புது செருப்பு மணம், இரண்டு நாளில் அது போய்விடும். என்றும் வாடாத பச்சை, முடிவில்லாத வாழ்வின் அடையாளம் என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். பனி கொட்டி மரமெல்லாம் மொட்டையாக நிற்கிற நாட்டில் அந்தப் பச்சைக்கு ஒரு பொருள் இருக்கும். எங்கள் ஊரில் மார்கழி மாரிக்கு மதில் கூடப் பச்சை. ஆனபடியால் மகள் கடற்கரைப் பக்கமிருந்து சவுக்குக் கொப்பு ஒடித்து வந்து இடையிடையே செருகினாள். அதற்குப் பிறகுதான் ஒரு மணம் வந்தது.

இனி வில்லங்கத்துக்கு வருகிறேன். பற்றரி போட்டு சுவிட்சைத் தட்டினேன். நாலும் ஒன்றாக எரிந்தன. நடுத்திரியும் சேர்ந்து எரிந்தது. அடியைத் திருப்பிப் பார்த்தேன், இலைக்குள் கைவிட்டுத் தடவினேன், வேறு சுவிட்ச் இல்லை. எரிந்தால் ஐந்தும் எரியும், அணைத்தால் ஐந்தும் அணையும்.

இதிலென்ன குறை என்று சைவ ஆட்களுக்கு விளங்காமல் இருக்கலாம். வண்ணார்பண்ணையிலிருந்து சட்டை தைக்க வரும் ஒரு ரீச்சர் என்னிடம் அப்படித்தான் கேட்டா. திருவருகைக்காலம் என்பது நத்தாருக்கு முன்னால் வரும் நாலு ஞாயிறும் அவற்றை ஒட்டிய நாட்களும். நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் எந்தத் திகதியில் ஞாயிறு விழுகிறதோ அன்று தொடங்கும். திருச்சபைக்கு வருடம் பிறப்பதும் அன்றுதான், ஜனவரியில் அல்ல. முதல் ஞாயிறு ஒரு திரி, அடுத்த ஞாயிறு இரண்டு, பிறகு மூன்று, நாலு. பாலன் பிறந்த இரவில் நடுவில் உள்ள வெள்ளைத் திரி. வளையத்தின் வேலையே 'இன்னும் வரவில்லை, பொறு' என்று சொல்வதுதான். இந்தப் பெட்டிச் சாமான் முதல் நாளே 'வந்தாயிற்று' என்று சொல்லிவிடுகிறது.

"அப்ப எங்கட திருவெம்பாவை மாதிரி" என்றா ரீச்சர். விடியப்புறம் சங்கும் சேமக்கலமுமாக ஊரை எழுப்பிக்கொண்டு போவார்களே, அதைச் சொன்னா. எனக்கும் அது பொருத்தமாகப் பட்டது. எங்கள் முதல் ஞாயிற்று வாசகங்களிலும் விழித்திருங்கள் என்ற சொல்தான் ஒவ்வொரு வருடமும் வரும். ஒரே மாதத்தில் ஒரே ஊரில் இரண்டு பக்கமும் நித்திரையைக் குழப்புகிறார்கள்.

மறுநாள் மழையோடு மழையாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். "நாலும் எரிஞ்சாத்தானே அக்கா வடிவு?" என்றார் தம்பி. "ஒண்டு மட்டும் எரிஞ்சா மற்ற மூண்டும் பழுதெண்டு சனம் திருப்பிக் கொண்டு வந்திடும்." விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்று பில்லின் அடியில் அடித்திருந்ததையும் விரலால் காட்டினார். கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஒன்று மட்டும் எரியும் வளையம், தெரியாதவர் கண்ணுக்குப் பழுதான வளையம்தான்.

வீட்டில் இவர் அடிமூடியைத் திறக்கப் பார்த்தார். படகு வயரிங் எல்லாம் தானே செய்கிறவர். ஆனால் பற்றரி போடும் இடம் தவிர மற்றதையெல்லாம் பசையால் ஒட்டி மூடியிருக்கிறார்கள். உடைத்தால் திரும்பப் பொருத்த ஏலாது. "நெருப்பும் வேண்டாமெண்டனீங்கள், இப்ப இதையும் உடைக்கப் போறியளோ" என்று நான் சொன்னதும் விட்டுவிட்டார்.

நான் தையல்காரி. அயல் கோயில்களுக்குச் சுவாமிமாரின் பூசை உடுப்பு, பீடச்சீலை, பீடத்துக்கு உதவும் பிள்ளைகளின் அங்கி எல்லாம் தைத்துக் கொடுப்பேன். பெட்டியில் வெட்டுத்துண்டு எப்போதும் கிடக்கும். கத்தரிப்பூ நிறத்தில் மூன்று, றோஸில் ஒன்று, வெள்ளையில் ஒன்று என்று விரல் உறை மாதிரி ஐந்து உறை தைத்தேன். ஒவ்வொன்றும் நாலரை அங்குல உயரம். வாயில் இறப்பர் இழை கோர்த்து, திரியின் தலையில் கவிழ்த்துவிட்டேன். ஞாயிறு வந்தால் ஒன்றைக் கழற்றலாம். மிச்சம் மூடிக் கிடக்கும். கழற்றிய உறையை மடித்து அந்தத் திரியின் அடியிலேயே கட்டிவிட்டால் நிறமும் தெரியும். தந்த நிறத் திரிக்கு நிறக் குறையும் தீர்ந்தது.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அது என் தொழில். கத்தரிப்பூ நிறம் தவக்காலத்துக்கும் திருவருகைக்காலத்துக்கும் பொது. மனத்தைத் துப்புரவாக்கிக்கொண்டு காத்திரு என்று சொல்லும் நிறம். றோஸ் உடுப்பு வருடத்தில் இரண்டே ஞாயிறுதான்: திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறும் தவக்காலத்தின் நாலாம் ஞாயிறும். பாதி வழி தாண்டியாயிற்று, கொஞ்சம் மகிழுங்கள் என்பதற்காக. 'ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள்' என்று பிலிப்பியருக்குப் பவுல் எழுதிய வார்த்தையிலிருந்து அந்த ஞாயிறுக்கே மகிழ்ச்சி ஞாயிறு என்று பெயர். இரண்டு நாளுக்காகப் புது உடுப்பு எதற்கு என்று பல கோயில்களில் கத்தரிப்பூவோடு சமாளித்துவிடுவார்கள். நான் இதுவரை ஒரேயொரு றோஸ் உடுப்புத்தான் தைத்திருக்கிறேன். அதில் மிஞ்சிய துண்டுதான் இந்த உறை. கடைகளில் நாலும் சிவப்பாக வருகிற வளையமும் பார்த்தேன். வடிவுதான், ஆனால் எங்கள் முறைக்கு அந்த நிறம் சேராது.

மாமிக்கு இப்போது 81 வயது. அவவுக்கு இந்த வளையத்தில் அவ்வளவு பிடிப்பில்லை. "எங்கட காலத்தில இதெல்லாம் ஆர் கண்டது? பூசை, செபமாலை, பாவசங்கீர்த்தனம், பலகாரம். அவ்வளவுதான்." மகன் மறைக்கல்வி வகுப்பில் கேட்டு வந்ததைச் சொன்னான். 1839இல் ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரத்தில் யோகான் ஹின்றிக் விக்கேர்ன் என்ற போதகர் ஏழைப் பிள்ளைகளுக்காக இல்லம் நடத்தினாராம். நத்தார் எப்ப, நத்தார் எப்ப என்று பிள்ளைகள் அரித்தபடியால் ஒரு வண்டிச் சில்லை எடுத்து, கிழமை நாட்களுக்கு 20 சின்னச் சிவப்புத் திரியும் ஞாயிறுகளுக்கு நாலு பெரிய வெள்ளைத் திரியும் வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றினாராம். கூட்டிப் பாருங்கள், 24. 2024இலும் டிசம்பர் 1 ஞாயிறாக வந்து அதே 24 நாள்தான். மாமி கேட்டுவிட்டு, "அப்ப இது புரட்டஸ்தாந்துக்காரற்ற சாமானோ?" என்றா. கத்தோலிக்கக் கோயில்களுக்கு அது வந்து சேர்ந்தது 20ஆம் நூற்றாண்டில்தான் என்று மகன் சொல்ல, "பறவாயில்லை, விளக்கு விளக்குத்தானே" என்று முடித்துவிட்டா. எல்லாம் கதைத்தாலும் ஒவ்வொரு மாலையும் சுவிட்சைத் தட்டுவது அவதான். வேறொருவர் கை வைத்தால் முகம் மாறும்.

முதல் ஞாயிறு. அதற்கு முந்திய கிழமை பெய்த மழையை யாழ்ப்பாணத்தார் மறந்திருக்கமாட்டார்கள். ஒழுங்கையெல்லாம் வெள்ளம், நாட்கணக்காக ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. அப்படிப்பட்ட கிழமை முடிந்து கோயிலுக்குப் போனால், லூக்கா 21ஆம் அதிகாரம் வாசிக்கிறார்கள்: கதிரவனிலும் நிலாவிலும் அடையாளங்கள், கடலின் முழக்கத்தால் மக்கள் கலங்குவார்கள், அந்த நேரம் தலைநிமிர்ந்து நில்லுங்கள், உங்கள் மீட்பு கிட்டி வருகிறது. திருவருகைக்காலம் தொழுவத்தில் தொடங்குவதில்லை, கடைசி நாளில்தான் தொடங்குகிறது. ஒவ்வொரு வருடமும் எனக்கு அது புதிதாகத்தான் இருக்கும். குழந்தையைப் பற்றிக் கேட்கலாம் என்று போனால் உலக முடிவைப் பற்றிச் சொல்வார்கள்.

சுவாமியார் பிரசங்கத்தில் 12ஆம் நூற்றாண்டுப் புனிதரான பெர்னார்து சொன்ன மூன்று வருகைகளைச் சொன்னார். முதல் வருகை பெத்லகேமில் உடலெடுத்து வந்தது. கடைசி வருகை மாட்சியோடு வரப்போவது. இந்த இரண்டும் எல்லாருக்கும் தெரிய நடப்பவை. இடையில் ஒன்று இருக்கிறது, ஒருவருக்கும் தெரியாமல் மனத்துக்குள் வருவது. எங்கள் வீட்டில் அன்று மாலை முதல் உறையைக் கழற்றி, முன் விளக்கை அணைத்தோம். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். மூடிக் கிடந்த நாலு திரிகளும் துணிக்குள்ளே எரிந்துகொண்டிருந்தன. உறையின் சற்றின் (satin) துணி மெல்லியது. இருட்டில் பார்த்தால் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கசிவு, றோஸில் ஒரு கசிவு. ஒரே சுவிட்சல்லவா, வேறென்ன செய்யும்?

மகனுக்கு 11 வயது, விடமாட்டான். "அம்மா, உள்ளுக்க எரியுதுதானே. பிறகேன் காத்திருக்கிறம்? கழட்டுங்கோவன்." எனக்கு உடனே வாய் வரவில்லை. மாமிதான் செபமாலையை உருட்டிக்கொண்டே சொன்னா: "நீ கொம்மான்ர வயித்துக்குள்ள இருக்கேக்கையும் நாங்கள் காத்துக்கொண்டுதான் இருந்தனாங்கள். உள்ளுக்க நீ இருந்தனிதானே?" அவன் பிறகு கேட்கவில்லை. அந்த ஒரு மாலைக்காக இந்தச் சாமானுக்கு நான் அரைப் புள்ளி கூடப் போட்டிருக்கிறேன். செய்த கொம்பனி இதை யோசித்துச் செய்திருக்காது என்றாலும்.

சத்தத்தையும் சொல்ல வேண்டும். சுவிட்சை இரண்டு தரம் தட்டினால் பாட்டு வரும் என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. ஒரு தரம் தட்டினாலே வருகிறது. நுளம்பு மூக்கால் பாடுகிற மாதிரி ஒரு நத்தார் மெட்டு, பற்றரி தளரத் தளர இழுபட்டு அழுகிறது. இதிலும் எனக்கு முறைப் பிரச்சினை. திருவருகைக்கால ஞாயிறுகளில் பூசையில் 'உன்னதங்களிலே' பாடுவதில்லை. அமலோற்பவ மாதா பெருவிழா போன்ற நாட்களில்தான் விலக்கு. தவக்காலம் மாதிரி அல்லேலூயாவையும் நிறுத்துவதில்லை. இந்த ஒரு கீதத்தை மட்டும் எடுத்து ஒளித்து வைக்கிறார்கள். அது வானதூதர் இடையருக்குப் பாடிய பாட்டு, பாலன் பிறந்த இரவில் மணிகளெல்லாம் அடிக்கத் திரும்பி வரவேண்டும் என்பதற்காக. பெட்டியோ முதல் நாளே பாடுகிறது. நல்ல காலம், ஒலிபெருக்கித் துளை வெளியில் தெரிந்தது. இவர் அதற்குள் குறடு ஒன்றை விட்டு ஒரு வயரை நறுக்கினார். வாங்கின பிறகு செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்.

இரண்டாம் ஞாயிறு சாதாரணமாகப் போயிற்று. மூன்றாம் ஞாயிறு அப்படிப் போகவில்லை. அன்றைய நற்செய்தியில் சனம் திருமுழுக்கு யோவானிடம் 'நாங்கள் என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்கிறது. அவர் பெரிய தத்துவம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு அங்கி உள்ளவர் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்கிறார். தையல்காரிக்கு இதைவிட நேராக யார் சொல்லுவார்கள்? என் அலமாரியில் தைக்கக் கொடுத்து, வருடக்கணக்காக எடுக்க வராத துணிகள் கிடந்தன. பள்ளிச் சட்டைக்கான வெள்ளைத் துணியும் இருந்தது. வெள்ளத்தில் சாமான்கள் பழுதாய்ப்போன இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஐந்து சட்டை தைத்துக் கொடுத்தேன். பலகாரச் சூடு பிடிக்கிற கிழமையில் ஐந்து சட்டை என்பது இலேசான வேலை இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். அன்றைக்குக் கழற்ற வேண்டிய றோஸ் உறையைக் கழற்றியபோது இரவு பத்தரை மணி. மாமி நித்திரை கொள்ளாமல் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே இருந்தா.

அதே கடையில் இந்த வளையத்தோடு சோடியாகக் குடில் செட் ஒன்றும் விற்கிறார்கள். 3,000 ரூபாவுக்கு மேல். நல்ல வேளை வாங்கவில்லை. தீவனத் தொட்டியும் பாலனும் ஒரே வார்ப்பு. தூக்கிப் பார்த்தேன், பிள்ளையைக் கழற்ற ஏலாது. எங்கள் பக்கத்து வீடுகளில் குடிலை முன்கூட்டியே கட்டினாலும் தொட்டி வெறுமையாகத்தான் கிடக்கும். பிள்ளைகள் ஒரு நல்ல காரியம் செய்தால் ஒரு வைக்கோல் போடுவார்கள். பாலன் 24ஆம் திகதி இரவுதான் வருவார். ஒட்டி வைத்த பாலனுக்கு வைக்கோலும் தேவையில்லை, நல்ல காரியமும் தேவையில்லை. 1223இல் கிரேச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் அசிசி குடில் அமைத்தபோது வைக்கோலும் மாடும் கழுதையும்தான் கொண்டுவரச் சொன்னார். தொட்டிக்கு மேலே பூசை நடந்தது. தீவனம் வைக்கும் தொட்டியில் கிடத்தப்பட்டவர் உணவாகத் தன்னைத் தருகிறார் என்பதை அங்கே நின்ற சனம் கண்ணால் கண்டது. பெத்லகேம் என்ற பெயருக்கே அப்பத்தின் வீடு என்றுதான் அர்த்தம்.

எங்கள் வீட்டுப் பாலன் மாமியின் அலமாரியில் இருக்கிறார். சுண்ணாம்புச் சிலை, ஒரு சாண் கூட இல்லை, இடது கைச் சின்ன விரல் உடைந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்தால் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது மாமியும் வெளிக்கிட்டா. மரியாள், சூசையப்பர், இடையர், மாடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பாலனை மட்டும் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு நாவற்குழிப் பக்கம் நடந்தாவாம். அந்த வருடம் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில்தான் திருவருகைக்காலம். குடிலும் இல்லை, தொட்டியும் இல்லை. நத்தார் இரவு ஒரு சிரட்டையில் கொஞ்சம் வைக்கோல் போட்டுப் பாலனைக் கிடத்தினார்களாம். மற்றச் சிலைகள் பிறகு திரும்பி வந்தபோது கிடைக்கவில்லை. இப்போது நிற்கும் மரியாளும் சூசையப்பரும் வேறு செட், பாலனைவிட இரண்டு மடங்கு பெரிது. வீட்டுக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். மாமி மாற்ற விடமாட்டா.

நாலாம் ஞாயிறு 22ஆம் திகதி. மரியாள் மலைநாட்டுக்கு விரைந்து போய் எலிசபெத்தைக் காணும் வாசகம். இரண்டு கர்ப்பவதிகள் வாசலில் கட்டிப்பிடிக்க, உள்ளுக்குள் கிடந்த பிள்ளை துள்ளுகிறது. மகன் என்னைத் திரும்பிப் பார்த்து, பிறகு மாமியைப் பார்த்தான். மாமி பார்க்காத மாதிரி இருந்தா.

இதற்குள் பற்றரி இரண்டு தரம் மாற்றியாயிற்று. மூடிக் கிடக்கிற திரியும் எரிந்துகொண்டிருப்பதால் மின்சாரம் வீணாகிறது. மாலைக்கு அரை மணித்தியாலம் என்று 24 நாளுக்குச் சரியாக 12 மணித்தியாலம்தான். அதற்கு ஒன்பது பற்றரி என்றால் அநியாயம். இன்னொரு குறை எனக்கு மட்டும் படுகிறதோ தெரியாது. மெழுகுதிரி வளையத்தில் முதல் திரி 24 நாளும் எரியும், இரண்டாவது 17, மூன்றாவது 10, கடைசித் திரி மூன்றே நாள். நத்தார் நெருங்க நாலும் படிக்கட்டு மாதிரி நிற்கும். காத்திருந்த நாளெல்லாம் அதில் தெரியும். பிளாஸ்டிக் திரி கரைவதில்லை. 24ஆம் திகதியும் பெட்டியிலிருந்து எடுத்த அதே உயரத்தில் நின்றது. மேசைச்சீலை தப்பியது, அது வேறு.

நத்தார் இரவு பூசைக்கு வெளிக்கிடும் முன் வெள்ளை உறையைக் கழற்றினோம். மாமி அலமாரியைத் திறந்து பாலனை எடுத்து மகனிடம் கொடுத்தா. வைக்கோலை எண்ணிப் பார்த்தான், 61. அதில் பாதி அவனே தனக்குத் தானே மதிப்புப் போட்டுக்கொண்டது என்பது எனக்குத் தெரியும், கேட்கவில்லை. கோயிலில் எசாயாவின் வாசகம், காரிருளில் நடந்து வந்த மக்கள் பேரொளியைக் கண்டார்கள் என்று. பிறகு 'உன்னதங்களிலே' தொடங்க எல்லா மணியும் அடித்தது. அந்தச் சத்தத்தில் நான் எப்போதும் அழுவேன், அந்த வருடமும் அழுதேன். அதே இரவில் உரோமையில் அப்போதைய பாப்பரசர் பிரான்சிஸ் புனித பேதுரு பேராலயத்தின் புனித கதவைத் திறந்து, கத்தோலிக்கரின் சிறப்பு வருடமான யூபிலி வருடத்தைத் தொடக்கிவைத்ததை, விடிந்த பிறகு றிச் கேக் வெட்டிக்கொண்டு ரீவியில் பார்த்தோம்.

24ஆம் திகதியோடு வளையத்தை ஒதுக்க வேண்டாம். நத்தார் ஒரு நாள் திருநாள் இல்லை. எட்டு நாள் கொண்டாடி, ஜனவரி 1இல் மரியாள் இறைவனின் தாய் பெருவிழா, பிறகு மூன்று இராசாக்கள், ஆண்டவரின் திருமுழுக்கு வரைக்கும் போகும். இந்த நாட்களில் ஐந்தும் எரியலாம். பெட்டிச் சாமான் தன் இயல்புப்படி சரியாக வேலை செய்த நாட்கள் இவைதான். டிசம்பர் 26 காலையே நட்சத்திரக் கூட்டைக் கழற்றுகிற அயலவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

மொத்தத்தில் ஐந்துக்கு இரண்டரை. இலைக்கு ஒன்று, நெருப்புப் பயமில்லை என்பதற்கு ஒன்று, அந்த முதல் ஞாயிற்றுக்கு அரை. 4,200 ரூபா கூடுதல் விலை. 3,000க்கு வந்தால் வாங்கலாம். சின்னப் பிள்ளைகளும் வலையும் திரைச்சீலையும் உள்ள வீடென்றால் வாங்குங்கள். பாதுகாப்பாக மெழுகுதிரி ஏற்ற இடமுள்ளவர்கள், சவுக்குக் கொப்பும் தட்டும் எடுத்து வீட்டிலேயே கட்டுங்கள், ஆயிரம் ரூபாவுக்குள் முடியும். கடையில் நிற்கும்போதே பற்றரி போட்டுத் தட்டிப் பாருங்கள், என்னைப் போல வீட்டுக்கு வந்து முழிக்க வேண்டாம்.

2025இல் முதல் ஞாயிறு நவம்பர் 30, ஒரு நாள் கூடுதல், 25 நாள். அதே வளையம்தான் எங்களுக்கு, உறைகளைத் தோய்த்துக் காயவிட்டிருக்கிறேன். கோயிலில் கண்டுவிட்டு மூன்று பேர் தங்களுக்கும் தைத்துத் தரச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கடைத் தம்பியும் ஒரு செட் கேட்டார், பெட்டியோடு சேர்த்து விற்கப் போகிறாராம். துணிக்கும் நூலுக்கும் 200 ரூபா மட்டும் எடுக்கிறேன். வேண்டியவர்கள் முந்திச் சொல்லுங்கள், றோஸ் துணி இன்னும் இரண்டு உறைக்குத்தான் கிடக்கிறது.